பிடிக்கவும் விடவும் தெரிந்த கொக்கி

1

பிள்ளைகளா, எல்லாரும் சுகமா? ஷார்ஜாவிலிருந்து மாரிச்சாமி மாமா எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் உட்கார்ந்தவன். அதற்கு மேல் உட்கார வீட்டில் வசதி இல்லை, எனக்கும் அவ்வளவு பொறுமை இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் தமிழ் டீச்சர் திருத்திக்கொள்வார். அவர் என் பெரியப்பா மகள். திருத்துவது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த வேலை.

போன வாரம் அவர் உங்கள் வகுப்பிலிருந்து ஒரு குரல் பதிவை எனக்கு அனுப்பினார். ஒரு பையன் கேட்கிறான்: "மாமா, நீங்க துபாய்ல போய் ஈ ஓட்டுறீங்களாமே, நெசமா?" பின்னாலே வகுப்பே சிரிக்கிறது. என் வீட்டுக்காரி செல்வி அதைக் கேட்டுவிட்டு, கையில் இருந்த தோசைக்கரண்டியோடு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "சரியாத்தான கேட்டிருக்கான், பதில் சொல்லுங்க" என்றாள்.

பதில் சொல்கிறேன். நான் ஈ ஓட்டவில்லை. ஈ கட்டுகிறேன்.

நம் ஊர்ப் பக்கம் தூண்டில் போடுகிறவர்கள் கொக்கியில் மண்புழுவைக் குத்தி வைப்பார்கள். இங்கே சிலர் வேறு மாதிரி பிடிக்கிறார்கள். கொக்கியின் மேல் நூல், கோழி இறகு, முயல் முடி எல்லாம் வைத்துச் சுற்றி, பார்ப்பதற்கு ஒரு பூச்சி மாதிரிச் செய்துவிடுவார்கள். தண்ணீரில் போட்டால் ஏதோ பூச்சி விழுந்துவிட்டது என்று மீன் வந்து கவ்வும். அந்தப் பொய்ப் பூச்சிக்கு இங்கே 'ஃப்ளை' என்று பெயர். ஷார்ஜாவில் ரோலா என்று நெரிசலான ஒரு கடைத்தெரு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் தூண்டில் சாமான் விற்கிற ஒரு கடையில், மூலையில் ஒரு மேஜை போட்டு, அதில் உட்கார்ந்து நாள் முழுக்க ஃப்ளை கட்டுவதுதான் என் டியூட்டி.

போன மாதம் இந்த மேஜை என் கையை விட்டுப் போயிருக்க வேண்டியது. அந்தக் கதையைத்தான் உங்களுக்கு எழுதப்போகிறேன்.

2

முதலில் எனக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு, வயது வந்தபிறகு சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையில் இருந்தேன். அணுகுண்டு வெடி பார்த்திருப்பீர்கள், பச்சை நிறத்தில், உருண்டையாக. அதன் மேல் சணல் சுற்றியிருக்கும். அந்தச் சணலைச் சுற்றுகிறவர்களில் நானும் ஒருவன். எவ்வளவு இறுக்கமாக, எவ்வளவு அடுக்கடுக்காகச் சுற்றுகிறோமோ அவ்வளவுக்கு வெடிக்குச் சத்தம். குறைத்துச் சுற்றினால் புஸ்ஸென்று போகும். குறைத்துச் சுற்றுகிறவனை எங்கள் ஃபோர்மேன், "ஏலே, சணலை வீட்டுக்குக் கொண்டுபோறியா?" என்று கேட்பார்.

பிறகு இங்கே வந்தேன். விசாவில் 'லோடர்' என்று இருந்தது. இந்த ஊரில் விசாவில் இருக்கிற வேலைக்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யாரும் ரொம்ப எதிர்பார்ப்பதில்லை. என் ரூமில் இருந்த ஒரு தம்பி விசாவில் தச்சர், நிஜத்தில் பரோட்டா மாஸ்டர். நான் முதலில் நட்டு, போல்ட்டு விற்கிற ஒரு கடையில் இருந்துவிட்டு, அப்புறம்தான் தூண்டில் கடைக்கு மாறினேன்.

சேர்ந்த முதல் வாரமே ஒரு கூத்து. கொக்கிப் பெட்டிகளை எல்லாம் அளவுப்படி அடுக்கச் சொன்னார் மேனேஜர் பிஜு சேட்டன். மலையாளி, நல்ல மனிதர். போல்ட்டில் நம்பர் கூடினால் போல்ட்டு பெரிது. நான் அந்தக் கணக்கிலேயே பெட்டி மேல் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து, பெரிய நம்பரை எல்லாம் பெரிய தட்டில் வைத்தேன். சேட்டன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எடா மாரி, எந்தா இது? கொக்கியில நம்பர் ஏறினா சைஸ் குறையும். பதினாலு சின்னது, நாலு வலுது!"

"யாரு சேட்டா இப்படி வச்சது?"

"யாரு வச்சாலும் நம்ம ரெண்டு பேரையும் கேட்டில்லா. எடுத்து வை."

உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்: தூண்டில் கொக்கியில் நம்பர் ஏற ஏற அளவு குறையும்.

ஒருநாள் கடைக்காரர் கையில் பிய்ந்துபோன ஒரு ஃப்ளையோடு வந்தார். அவரை நாங்கள் அர்பாப் என்போம். முதலாளி என்று அர்த்தம். இந்த ஊர்க்காரர், பெரியவர், மீன் பிடிப்பதில் பைத்தியம். எங்களிடம் இந்தியில்தான் பேசுவார். "இதைச் சரி பண்ண யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். நான் வாங்கி, நூலைச் சுற்றி, இறுக்கி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வாரம் மேஜை வந்தது. கொக்கியைக் கவ்விப் பிடிக்கிற ஒரு குட்டி வைஸும் வந்தது. கவுண்டரில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தார். கடலில் பெரிய மீன் பிடிக்கிறவர்களுக்கு விரல் நீளத்துக்குப் பெரிய கொக்கிகளில் ஃப்ளை கட்டினேன். "மாரி கட்டினா பிய்யாது" என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

அந்த மேஜையோடுதான் ஷார்ஜாவிலேயே முவைலா என்கிற பகுதியில் சின்னதாக ஒரு ஃபிளாட்டுக்குக் கடையே வாடகை கொடுத்தது. ஊரில் கல்யாணச் சான்றிதழுக்கு ஒரு முத்திரை, அந்த முத்திரைக்கு மேல் இன்னொரு முத்திரை, பிறகு இங்கே விசா மனு அடித்துக் கொடுக்கிற டைப்பிங் சென்டர் என்று அலைந்து, செல்வியையும் மகள் தர்ஷினியையும் கூட்டி வந்தேன். தர்ஷினி நடக்கப் பழகியது, பேசப் பழகியது எல்லாம் நான் போனில் பார்த்ததுதான். நேரில் பார்க்கும்போது அவள் எல்.கே.ஜி. வயது. ஏர்போர்ட்டில் என்னைக் கண்டதும் அம்மாவின் கையிலிருந்த போனைப் பார்த்தாள். நான் அதற்குள் இருக்கிறவன் என்று நினைத்திருக்கிறாள்.

3

இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இங்கே ஸ்கூலில் படிக்கிறாள். வீட்டில் தமிழ் பேச வேண்டும் என்பது செல்வியின் சட்டம். சட்டம் இருக்கிறது, மகள்தான் அதில் சந்து கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறாள். பெரியப்பா என்பதை 'பிக் அங்கிள்' என்கிறாள். கோபம் வந்தால் முழுக்க இங்கிலீஷ். அவளுக்குக் கோபம் வருகிற விஷயத்தில் என் வேலையும் ஒன்று.

"அப்பா, மீனுக்கு மவுத்ல குத்துதுல்ல? தட்ஸ் நாட் ஃபேர். நீங்க அந்தக் கடையில இருக்கீங்கன்னு என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட நான் சொல்றதே இல்ல."

"மீன் கொழம்பு வச்சா மட்டும் தட்டை எடுத்துட்டு வந்துர்ற?" என்பாள் செல்வி.

"அது ஃபுட்மா. பிடிச்சுட்டுத் திரும்ப விடுறாங்களே, அவங்க எதுக்குப் பிடிக்கணும்?"

அவள் கேட்ட மாதிரியே வேறு ஆட்களும் கேட்டிருப்பார்கள் போல. துபாய்ப் பக்கம் வில்லாக்கள் இருக்கிற ஒரு காம்பவுண்டுக்குள் ஒரு ஏரி இருக்கிறது. அதில் நம் ஊர் ஜிலேபி மீன் ஏராளம். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே குடும்பங்கள் கூடி மீனைப் பிடித்துப் பிடித்துத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவார்கள். இந்த முறை புது விதி போட்டார்கள்: எதிர்முள் உள்ள கொக்கி கொண்டுவரக் கூடாது.

எதிர்முள் என்றால் என்ன? சாதாரணக் கொக்கியின் கூர்நுனிக்குக் கொஞ்சம் கீழே, பின்பக்கமாகச் சீவிவிட்ட மாதிரி ஒரு சின்ன முள் இருக்கும். குத்தின பிறகு கொக்கி வெளியே வராமல் பிடித்துக்கொள்வது அதுதான். அதைப் பிடுங்கும்போதுதான் மீன் வாய் கிழிகிறது. எதிர்முள் இல்லாத கொக்கி, ஊசி போல வழுவழுவென்று போகும், வழுவழுவென்று வரும்.

அன்றைக்குக் கையில் ஃப்ளை இல்லாமல் வருகிறவர்களுக்கு எல்லாம் எங்கள் கடை கொடுக்கும் என்று அர்பாப் வாக்குக் கொடுத்து வந்துவிட்டார். ஜிலேபி மீனுக்கு வாய் சின்னது. அதனால் பதினாலாம் நம்பர், அரிசியை விடக் கொஞ்சம் பெரிய கொக்கி. முதலில் பழைய கொக்கிகளிலேயே எதிர்முள்ளைக் குறட்டால் அமுக்கிப் பார்த்தேன். பாதி நுனியோடு ஒடிந்தது. மீதியில் சின்ன மேடு தங்கிவிட்டது. மேடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பழைய பனியன் துணியில் குத்தி, வந்த வழியே இழுக்க வேண்டும். ஒரு இழை கூட வந்தால் அந்தக் கொக்கி ஆகாது. அமுக்கின கொக்கி எல்லாம் பனியனை நார் நாராக்கிவிட்டது. அதனால் எதிர்முள் இல்லாமலே செய்கிற கொக்கிகளின் மாதிரிப் பாக்கெட்டுகளைச் சப்ளையரிடம் வாங்கினோம். நான்கு வகை வந்தது. எல்லாமே பதினாலாம் நம்பர்தான், ஆனால் ஒன்று போல ஒன்று இல்லை. தண்டு நீளமாக, ஒல்லியாக, பார்க்க லட்சணமாக இருந்ததை நான் தேர்ந்தெடுத்தேன். நூல் சுற்ற நிறைய இடம் இருந்தது. ஒரு பெட்டி நிறையக் கட்டினேன். பச்சையும் பழுப்புமாக, குண்டு குண்டாக, உயிருள்ள பூச்சி மாதிரியே இருந்தன.

அர்பாப் அதை எடுத்துக்கொண்டு தன் தோட்டத்துக் குளத்துக்கு, இரண்டு நண்பர்களோடு போனார். மறுநாள் வந்து பெட்டியை என் மேஜை மேல் வைத்தார். கோபமாக வைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மீன் வருகிறது, கவ்வுகிறது, போய்விடுகிறது. ஒன்று கூட நிற்கவில்லை மாரி. என் சிநேகிதர்கள் சிரிக்கிறார்கள்."

"முள் இல்லை என்றால் மீன் எப்படி நிற்கும் அர்பாப்?" என்றார் பிஜு சேட்டன் எனக்காக.

அர்பாப் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை ஏரியில் மீன் நின்றால் மேஜை நிற்கட்டும். இல்லை என்றால் ஃப்ளை வியாபாரம் முடிந்தது, கலாஸ். மாரி கோடவுனுக்குப் போகட்டும், அங்கே ஆள் தேவை."

கோடவுன் ஊருக்கு வெளியே, மணல்காட்டில் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் கேம்ப்பில், ஆண்கள் மட்டும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய பங்க் கட்டிலில் படுக்க வேண்டும். ஃபிளாட் கிடையாது. அதாவது செல்வியும் தர்ஷினியும் ஊருக்குப் போக வேண்டும். நான் மறுபடியும் போனுக்குள் போக வேண்டும்.

வீட்டில் சொன்னேன். செல்வி அடுப்பை அணைத்தாள். பிறகு, "போறதுன்னு ஆச்சுன்னா, அதுக்கு முன்னாடி பர் துபாய் பஜாருக்கு ஒருதரம் கூட்டிட்டுப் போங்க. ஊர்ல எல்லாருக்கும் எதாச்சும் வாங்கணும்" என்றாள். அவள் அழுதிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தர்ஷினி பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

4

எங்கள் கடை மத்தியானம் மூடிவிட்டு நாலு மணிக்குத் திறக்கும். வியாழக்கிழமை எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: எதிர்முள் இல்லை, அதனால் மீன் நிற்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அப்படி என்றால் இந்தக் கொக்கியை யார்தான் வாங்குவார்கள்? உலகம் முழுக்க விற்கிறதே, மீன் நிற்காமலா விற்கும்?

பாக்கெட்டிலிருந்து ஒரு வெறுங்கொக்கியை எடுத்தேன். நூல் சுற்றாதது. பனியன் துணி மேல் வைத்து இழுத்தேன். டக்கென்று துணியைப் பிடித்தது. இன்னொரு தரம் இழுத்தேன். மறுபடி பிடித்தது. சரி, கூர் நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்து நான் கட்டின ஃப்ளையை எடுத்து அதே துணி மேல் இழுத்தேன். வழுக்கைத் தலையில் சீப்பு போகிற மாதிரிப் போய்விட்டது. மறுபடி இழுத்தேன். போய்விட்டது. கொக்கி துணியைத் தொடவே இல்லை.

பிள்ளைகளா, உடனே மேஜை விளக்கைப் போட்டேன்.

ஃப்ளையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். கொக்கிக்கு ஒரு வாய் உண்டு. தண்டுக்கும் கூர்நுனிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் அது. அந்த வாய்க்குள்தான் மீனின் உதடு வந்து மாட்ட வேண்டும். நான் சுற்றின சுற்றில் பூச்சியின் வயிறு குண்டாகி, கொக்கியின் வாயை அடைத்துவிட்டிருந்தது. வாய் நிறையச் சோற்றை அடைத்துக்கொண்டவன் எப்படிக் கடிப்பான்? மீன் தப்பிக்கவே இல்லை, அது மாட்டவே இல்லை. பாவம், எதிர்முள் இல்லாததன் மேல் பழி விழுந்துவிட்டது.

கடல் மீனுக்குக் கட்டின பெரிய கொக்கிகளில் வாய் அகலம். எவ்வளவு சுற்றினாலும் இடம் மிஞ்சும். அதனால் இத்தனை காலம் தெரியவில்லை. அரிசி அளவுக் கொக்கியில் அதே கை, அதே சுற்று. என் கை இன்னும் அணுகுண்டுக்குச் சணல் சுற்றிக்கொண்டிருந்தது!

நான்கு பாக்கெட்டையும் கொட்டி, வகைக்கு ஒன்றாக வரிசையில் வைத்தேன். நான் லட்சணம் என்று எடுத்ததற்குத்தான் வாய் ரொம்பக் குறுகல். ஓரத்தில் ஒன்று இருந்தது. தண்டு குட்டை, வாய் அகலம், கூர்நுனி கொஞ்சம் நீளமாகி உள்பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. பார்க்க லட்சணம் என்று சொல்ல முடியாது, பொக்கை வாய் மாதிரி இருக்கும். முதல் நாளே அதைக் கழித்துக்கட்டி வைத்திருந்தேன்.

அதை வைஸில் மாட்டிக் குறைவாகச் சுற்ற ஆரம்பித்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கை கூசியது. குறைத்துச் சுற்றுவது திருட்டு வேலை என்றே பழகின கை. இரண்டு சுற்று குறைத்ததும், பின்னால் யாரோ நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. பிரித்துவிட்டு மறுபடி சுற்றினேன். மறுபடி குண்டு. மறுபடி பிரித்தேன். கடைசியில் வாய்விட்டே சொன்னேன்: "மாரி, இது வெடிக்க வேண்டியதில்ல. போதும், விடு." ஒரு சுற்று நூல், ஒரு இழை இறகு, கழுத்துக்கு ஒரு துளி முயல் முடி. முடிச்சு. அவ்வளவுதான். பட்டினி கிடந்த கொசு மாதிரி இருந்தது.

பனியன் மேல் இழுத்தேன். பிடித்தது. நுனியைப் பின்னால் தள்ளினேன், ஒரு இழை கூட இல்லாமல் வந்தது. பிடிக்கவும் தெரிந்தது, விடவும் தெரிந்தது.

பிஜு சேட்டன் ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தபோது நான் பனியனோடு நின்றுகொண்டிருந்தேன்.

"எந்தா மாரி, குளிக்கப் போறியா?"

"சேட்டா, நீங்களே இழுத்துப் பாருங்க!"

இழுத்தார். பழையதை இழுத்தார், புதியதை இழுத்தார். பிறகு தன் சட்டைக் கையிலேயே இழுத்து மாட்டிக்கொண்டு, எடுத்துவிட்டு, சட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். "மோனே!" என்றார். "ஆனா துணி வேற, மீன் வேற. சனியாழ்ச்சை மீன் வந்து பறையட்டே."

5

சேட்டன் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமைக்கு முன்னால் மீனுக்கு எங்கே போவது? சாயங்காலம் வீட்டில் டீ குடித்துக்கொண்டு செல்வியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தர்ஷினி சமையலறையிலிருந்து பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை எடுத்து வந்தாள். தண்ணீரில் நனைத்து, இரண்டாக மடித்து, விரலால் உதடு மாதிரிப் பிடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஐ ஆம் தி ஃபிஷ். போடுங்கப்பா."

"ஏட்டி, கையில குத்திக்கிரும்!" என்றாள் செல்வி.

"விரலை நான் பின்னாடி தள்ளித்தான் வச்சிருக்கேன்மா. அப்பா, பழசு ஃபர்ஸ்ட்."

பழையதைத் தூண்டில் நரம்பில் கட்டி, மடித்த ஸ்பாஞ்சுக்குள் வைத்தேன். அவள் மூடினாள். இழுத்தேன். சொத்தென்று வழுக்கி வந்தது.

"மீன் இஸ் லாஃபிங்" என்றாள்.

புதியதை வைத்தேன். இழுத்தேன். மாட்டியது! அவள் அந்தப் பக்கம் இழுத்தாள், நான் இந்தப் பக்கம் இழுத்தேன். நரம்பு தொய்யாமல் இருக்கிறவரை விடவே இல்லை. அவள் ஹால் முழுக்க ஓடினாள், சோபா மேல் ஏறினாள். செல்வி டீ டம்ளர்களைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். கடைசியில் தர்ஷினி மூச்சு வாங்கிக்கொண்டே உட்கார்ந்து, தன் விரலாலேயே கொக்கியைப் பின்னால் தள்ளினாள். வந்துவிட்டது. அவள் ஸ்பாஞ்சை லைட்டுக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கிழியலப்பா."

"கிழியாது."

"சனிக்கிழமை நான் வர்றேன். சப்போர்ட்டுக்கு இல்ல. மீனுக்கு இப்படியேதான் இருக்கான்னு செக் பண்ண."

"வா, வந்து பாரு" என்றேன். அவள் என் வேலை நடக்கிற இடத்துக்கு வருகிறேன் என்று சொன்னது அதுவே முதல் தடவை.

வெள்ளிக்கிழமை முழுக்கக் கட்டினேன். மாதிரிப் பாக்கெட்டில் இருந்த எல்லாமே தீர்ந்தது.

6

சனிக்கிழமை காலை ஏரிக்கரையில் நல்ல கூட்டம். வெள்ளைக்காரர்கள், இந்தியர்கள், அரபிக் குடும்பங்கள், தொப்பி போட்ட குழந்தைகள். கேட்டில் செக்யூரிட்டி எங்கள் எமிரேட்ஸ் ஐடியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார். உள்ளே ஒரு ஃபிலிப்பைன்ஸ் அம்மா, பஞ்சுத் துணியோடு உட்கார்ந்து ஒவ்வொரு கொக்கியையும் குத்தி இழுத்துப் பார்த்தார். வேறு ஆட்கள் கொண்டுவந்ததில் பல கொக்கிகள் இழையோடு வந்தன. அவற்றை ஒரு டப்பாவில் போட்டார். எங்கள் பெட்டியில் ஒன்று கூட இழை இழுக்கவில்லை. "வெரி குட்" என்றார். அது பாதிப் பரீட்சைதான். மீதி தண்ணீருக்குள் இருந்தது.

அர்பாப் முதல் ஆளாக நின்றார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் இவ்வளவு ஒல்லி? சாப்பாடு போடவில்லையா?" என்றார். நான் ஒன்றை எடுத்து அவர் நரம்பில் கட்டிக் கொடுத்தேன்.

வீசினார். ஃப்ளை தண்ணீரில் விழுந்து மெதுவாக இறங்கியது. அதற்குள் பக்கத்தில் ஒரு சிநேகிதர் வந்து சலாம் சொல்ல, அர்பாப் திரும்பிப் பேசினார். நரம்பு துடித்தது. அவர் திரும்பி இழுப்பதற்குள் தொய்ந்து, மீன் ஒரு புரள் புரண்டு போய்விட்டது.

பிஜு சேட்டன் கண்ணை மூடிக்கொண்டார். என் கையைத் தர்ஷினி பிடித்தாள்.  

அர்பாப் ஃப்ளையை இழுத்துப் பார்த்தார். பிறகு அந்தச் சிநேகிதரைப் பார்த்து, "உன் சலாமால் என் மீன் போச்சு. இனி மத்தியானம் சலாம் சொல்" என்றார். எங்கள் பக்கம் திரும்பாமலே, "தவறு என்னுடையது. நரம்பைத் தளர விட்டேன்" என்றார்.

மறுபடி வீசினார். இந்த முறை யாரோடும் பேசவில்லை.  ஃப்ளை இறங்கியது. நரம்பு ஒரு தடவை வெட்டியது. அர்பாப் கையை உயர்த்தினார். தூண்டில் தடி வில்லாக வளைந்தது.

வளைந்தது வளைந்தபடியே நின்றது.

மீன் வலப்பக்கம் ஓடியது, நாணலுக்குள் போகப் பார்த்தது, திரும்பியது, வாலால் தண்ணீரை அடித்தது. போகவில்லை. உள்ளங்கை இரண்டு சேர்த்த அகலத்தில் நல்ல ஜிலேபி. கரைக்கு வந்தது. அர்பாப் குனிந்து, மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல், இரண்டு விரலால் கொக்கியைப் பின்னால் தள்ளினார். ஒரு நொடி. மீன் அங்கேயே நின்றது, தான் விடுதலை ஆகிவிட்டது அதற்கே தெரியாத மாதிரி. பிறகு ஒரே ஓட்டம்.

தர்ஷினி முழங்கால் வரை தண்ணீரில் நின்றாள். எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. ஷூ போட்டுக்கொண்டே இறங்கியிருந்தாள்.

"ரத்தம் இல்லப்பா! கிழியல! ஸ்பாஞ்ச் மாதிரியேதான்ப்பா!"

அடுத்து அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் தடி வளைந்தது. இந்தப் பக்கம் ஒரு தாத்தாவின் தடி. சின்னக் குழந்தை ஒன்று தன் அப்பாவோடு சேர்ந்து பிடித்துக்கொண்டு கத்தியது. கரை நெடுக வளைகிற தடியும் சிரிப்பும்தான். சிலது தப்பியது, தப்பத்தான் செய்யும். நின்றது அதைவிட எவ்வளவோ அதிகம். எங்கள் முன்னால் வரிசை நின்றது. பெட்டி காலியானது. பிஜு சேட்டன் வண்டியிலிருந்து வைஸை எடுத்து வந்து மடக்கு மேஜையில் மாட்டினார். கொக்கி தீர்ந்துவிட்டதே என்றால், "பொட்டிப் போனதைக் கொண்டுவரட்டே, அதில் புதுசா கெட்டு" என்றார். நூல் பிரிந்த ஃப்ளையோடு ஆள்கள் வந்தார்கள். நான் நின்றுகொண்டே கட்டினேன். என் பக்கத்தில் தர்ஷினி ஈர ஷூவோடு நின்று, கேட்கிறவர்களுக்கு எல்லாம் இங்கிலீஷில் விளக்கம் கொடுத்தாள். "மை டாட் மேட் தெம். லுக், நோ பார்ப்!" பார்ப் என்றால் எதிர்முள். ஒவ்வொருவரிடமும் அந்த முதல் வரியை அவள் சொன்னாள். விடாமல் சொன்னாள்.

மத்தியான வெயில் ஏறினபோது அர்பாப் வந்தார். நான் கட்டிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சேட்டனிடம் சொன்னார்: "பிஜு, கோடவுனுக்கு வேறு ஆள் பார். இந்தக் கொக்கி எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவும் வாங்கு." என் தோளில் ஒரு தட்டு தட்டினார். "மாரி, இப்படியே ஒல்லியாகக் கட்டு. நீ மட்டும் ஒல்லியாகாதே."

7

திரும்பி வரும்போது வண்டியிலிருந்து செல்விக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மீன் நின்னுச்சு செல்வி! நாம எங்கயும் போகல!"

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு, "ஐயையோ" என்றாள்.

"என்னாச்சு?"

"வாஷிங் மெஷினைக் குடுத்துட்டேங்க."

"யாருக்கு?"

"கீழ் வீட்டு ஷெரின் சேச்சிக்கு. ஊருக்குப் போறதுன்னா யாராச்சும் நல்லவுக எடுத்துக்கட்டும்னு சொன்னேன். காலையில நீங்க ரெண்டு பேரும் கிளம்பினதும் அவுக வீட்டுக்காரர் வந்து தூக்கிட்டுப் போயிட்டார்."

"நான் தோத்துருவேன்னே முடிவு பண்ணிட்டியா?"

"இல்லங்க... ஜெயிச்சா சொல்லிக்கலாம், தோத்தா நீங்க ஒத்தையில அதைத் தூக்கணுமேன்னு நெனச்சேன்."

 வண்டியில் இதைக் கேட்டுச் சேட்டன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தர்ஷினி, "அம்மா, யூ ஆர் இம்பாஸிபிள்!" என்று போனுக்குள் கத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று பேருமாகக் கீழ் வீட்டுக்குப் போனோம். ஷெரின் சேச்சி கதவைத் திறந்தார். செல்வி, "சேச்சி, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.  சேச்சி அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், தர்ஷினியின் ஈர ஷூவைப் பார்த்தார்.

"போகலையா நிங்கள்?"

"போகல சேச்சி."

சேச்சி செல்வியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"பக்ஷே, இப்போ எடுத்துக்கொண்டு போகான் பற்றில்லா. உள்ளில் எங்கட துணி ஓடுது!"

அதனால் நாங்கள் அவர் வீட்டு ஹாலில் வரிசையாக உட்கார்ந்தோம். டீ வந்தது, வாழைக்காய் வறுவல் வந்தது. தர்ஷினி சேச்சியின் மாமியாருக்கு மீன் எப்படி ஓடியது என்று கையால் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே எங்கள் மெஷின் அவர்கள் துணியைக் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. "இன்னும் ஸ்பின் பாக்கி இருக்கு" என்றார் சேச்சியின் வீட்டுக்காரர், விருந்தாளிகளிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"மெதுவா ஓடட்டும் சேட்டா" என்றேன். "எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல."